முழங்கைக் குழி

காலை ஏழே முக்காலுக்குக்
கானாடுகாத்தான் விடுதி வாசலில் நின்றார்.
ஒரே ஆள். ஒரு தண்ணீர் பாட்டில். குடை இல்லை.
முழுநாள், தனி வழிகாட்டி, கார் என்னுடையது.
மூவாயிரம், சாப்பாடு சேராது.

பர்மா தேக்கு, முட்டைவெள்ளைச் சுண்ணாம்பு,
ஆத்தங்குடிப் பூக்கல்
எல்லாவற்றையும் ரயில்வே கேட்டில் நின்ற
ஆறு நிமிடத்தில் சொல்லித் தீர்த்தேன்.
"வீடெல்லாம் வேண்டாம் பிலோமினா,
மலைக்குப் போயிடலாம்" என்றார் ரூபவதி.
ஓசூரில் பம்பு கம்பெனி. கணக்குப் பிரிவு.
அதற்குமேல் அவர் சொல்லவில்லை.
கேட்காமல் இருப்பதும் என் கூலியில் சேர்த்தி.

திருமயம்.
ஊர் நடுவே உட்கார்ந்துவிட்ட பாறை.
கழற்றிப் போட்ட ஒட்டியாணம் மாதிரி
சுற்றிலும் மதில்.
டிக்கெட் கிழித்த தம்பி
"அக்கா, மேல சூடு ஏறிடுச்சு, செருப்போட போங்க" என்றான்.

வழக்கமாக நிற்கும் இடங்களில் நின்றேன்.
வழக்கமான இடத்தில் மூச்சும் வாங்கினேன்.
கண்மாயைக் காட்டக் கை நீட்டும்போது
அவர் கேட்டார்:
"அந்தச் சேவகன் முழங்கை வச்ச குழி எங்க இருக்கு?"

என் கை அப்படியே கண்மாய் மேல் நின்றது.

நாலு வருஷம் முன்னால் ஒரு சித்திரை.
பாதி ஏற்றத்தில் உட்கார்ந்துகொண்டு
வரவே மாட்டேன் என்று அழுத ஒரு பையன்.
அவன் அப்பா போனில். அம்மா என்னைப் பார்த்தாள்.
பாறையில் ஒரு பள்ளம் இருந்தது,
மழையோ வெயிலோ தோண்டியது.
வாயில் வந்ததைச் சொன்னேன்:
வெள்ளையப்பன் என்று ஒரு காவற்காரன்,
மூன்று மாதச் சம்பளம் பாக்கி,
பணப்பை கொண்டுவரும் குதிரைக்காகப்
பாதையைப் பார்த்துப் பார்த்து
முழங்கை ஊன்றித் தேய்ந்த குழி இது.
அழுகையை நிறுத்திக் கேட்டான் பையன்:
"குதிரை வந்துச்சா?"
"நாளைக்கு வரும்" என்றேன்.
எழுந்து நடந்துவிட்டான்.

அந்தக் குதிரை
ஓசூர் வரை போயிருக்கிறது.

"பதினோரு மாசம் பாக்கியாமே," என்றார் ரூபவதி,
"கூடவே ஒரு நாயும் இருந்துச்சாம்."
குழியருகே குனிந்தார்.
சேலையை ஒதுக்கி முழங்கையை வைத்தார்.
பொருந்தியது.
எல்லார் முழங்கையும் பொருந்தும், அதன் அளவு அப்படி.

காற்று மதிலில் மோதித் திரும்பும் நேரம்
சொல்லிவிட்டேன்.
"மேடம், அது நான் சொன்ன பொய்.
வெள்ளையப்பன் கிடையாது. குதிரை கிடையாது.
வேணும்னா காசைப் பாதி குறைச்சுக்குங்க."

கையை எடுக்கவில்லை.
"நீங்க சொன்னது எத்தனை மாசம்?"
"மூணு."
"அப்ப எட்டு மாசத்தை
வேற யாரோ சேர்த்திருக்காங்க" என்றார்,
வரவு செலவில் இடறிய ஒருத்தி போல.
பிறகு பாதையைப் பார்த்துக்கொண்டே,
"எங்களுக்கு அஞ்சு."

உச்சிப் பீரங்கி பற்றி
ஒன்பது நிமிடப் பேச்சு வைத்திருக்கிறேன்.
அன்று பேசவில்லை.
புதுக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு லாரி
எறும்பளவில் வந்து,
எலியளவாகி,
எங்களைத் தாண்டிப் போனது.
இருவரும் அதைக் கடைசிவரை பார்த்தோம்.

இறங்கும்போது
ஒரு பள்ளிக்கூடமே ஏறி வந்தது.
மஞ்சள் சட்டை வாத்தியார்
வெள்ளையப்பன் மனைவிக்குப் பென்ஷன் கிடைத்ததாகச்
சொல்லிக்கொண்டிருந்தார்.
முழங்கை வைக்க வரிசை நின்றது.
குழியின் விளிம்பில்
தேங்காயெண்ணெய் மினுமினுப்பு.
போன வருஷம் அது இல்லை.
இப்படியே போனால்
என் பொய்யை இந்தப் பிள்ளைகள்
தேய்த்துத் தேய்த்து மெய்யாக்கிவிடுவார்கள் போல.
நான் மறுக்கவில்லை. வாத்தியார் வேறு
என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார்.

மாலை, விடுதி வாசல்.
ரூபாயை இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தார்.
நானும் எண்ணினேன்.
"நூறு கூடுதலா இருக்கு மேடம்."

"அது நாய்க்கு," என்றார்.
கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.